எதிர் மரத்தடியில் ஆள் இருக்கு

யாராவது என்னிடம் வந்து பேயைப் பார்த்தேன் என்று சொன்னால், நான் கேட்கும் முதல் கேள்வி வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதுதான். இரண்டாவது கேள்வி, எவ்வளவு தூரம். இந்த இரண்டிலேயே பெரும்பாலான பேய்கள் ஓடிவிடும். நான் ஒக்லாண்டின் எல்லர்ஸ்லியில் ஒரு கட்டட அலுவலகத்தில் படவரைஞராக வேலை செய்கிறேன். அளவு தெரியாத எதையும் காகிதத்தில் வைப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். அம்மா இன்றைக்கும் கையெழுத்துக்குப் பெருவிரலைத்தான் நீட்டுவார். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட நான் இதைச் சொல்கிறேன் என்றால் நீங்களும் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்பீர்கள். கேளுங்கள். வெளிச்சம் என் முதுகுப் பக்கம் இருந்தது. தூரம் முப்பத்தாறு மீற்றர். நேரம் மாலை ஆறு மணிகூட ஆகவில்லை, ஒக்டோபர் மாத வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. இருட்டு, மழை, மின்னல் ஒன்றும் இல்லை. வான்கோழி சுடப் போன இடத்தில் நடந்தது. சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

எல்லாம் அம்மாவின் வாயால் வந்தது. அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் அகதிகளாக ஒக்லாண்டுக்கு வந்து லின்ஃபீல்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மன்னார்க் கரையில் மீனும் ஊர்க்கோழியும் சாப்பிட்ட அம்மாவுக்கு இங்கே சுப்பர்மார்க்கெட் கோழி தொண்டையில் இறங்காது. "ஐஸ் கோழி. வாயிலை வைச்சா பஞ்சு மாதிரிக் கிடக்கு. இது கோழியோ தலையணையோ?" என்று ஒவ்வொரு ஞாயிறும் ஆரம்பிப்பார். என்னோடு வேலை செய்த கொலினிடம் ஒருநாள் இதைச் சொல்லிச் சிரித்தேன். கொலினின் குடும்பத்துக்கு ஹெலன்ஸ்வில்லுக்கு அப்பால் ஆட்டுப் பண்ணை இருக்கிறது. அங்கே காட்டு வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகப் புல்வெளியைக் கிளறி நாசம் செய்கின்றன, சுட முடிந்தால் சுட்டு எடுத்துக்கொண்டு போ என்றார்.

வீட்டில் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"சும்மா திரியுதோ? ஆரின்ரையும் இல்லையோ?"

"ஒருத்தரின்ரையும் இல்லையாம் அம்மா. கொண்டு போகச் சொல்லுறார்."

"அப்ப ஏன் இன்னும் இஞ்சை நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கிறாய்?"

துவக்கு லைசன்ஸ் என்னிடம் அதற்கு முன்பே இருந்தது. அலுவலகத்து ஆண்கள் வாத்து வேட்டைக் கதை பேசும்போது, உனக்கு இது புரியாது என்பது மாதிரி ஒருவர் பார்த்தார். அடுத்த வாரமே புத்தகத்தை வாங்கி, படித்து, சோதனை எழுதி, ஒரு கேள்விகூடப் பிழைவிடாமல் எடுத்தேன். அப்படித்தான் நான். அம்மாதான் தலையில் கை வைத்தார். "துவக்குக்காரருக்குப் பயந்துதானே கடல் தாண்டி வந்தனாங்கள். நீ இஞ்சை வந்து துவக்குக்குச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணிக்கொண்டு நிக்கிறாய். கலியாணத்துக்கு எப்ப எழுதப்போறாய்? அதுக்கும் புத்தகம் விக்குதெண்டாச் சொல்லு, நானே வாங்கித் தாறன்."

இந்த இடத்தில் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மிச்சம் விளங்காது.

அண்ணன் அன்ரன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பாவின் தோணியில் ஒரு ஆள் குறைந்தது, என் படிப்புக்குச் செலவு கூடியது, இரண்டுக்குமாக அவன் கடலுக்குப் போனான். நான் படித்தது அவன் உழைப்பில். தொண்ணூறாம் ஆண்டு ஒருநாள் மீன் ஏற்றிய லொறியோடு போனான். லொறி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. உடல் கிடைக்கவில்லை, செய்தி இல்லை, பார்த்தவர்களும் இல்லை. இங்கே வந்த பிறகு நான் எத்தனையோ அலுவலகங்களுக்கு நல்ல ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். எல்லாவற்றுக்கும் மரியாதையான பதில் வந்தது. தகவல் இல்லை, தகவல் இல்லை, தகவல் இல்லை. ஐந்து வருடம் போனபோது நான் எனக்குள் முடிவு செய்துவிட்டேன், அவன் இல்லை என்று. அம்மாவிடம் மட்டும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மாவும் என்னிடம் கேட்டதில்லை.

நவம்பர் தொடக்கத்தில் ஆத்துமாக்கள் திருநாள் வரும். எங்கள் கோயிலில் ஒக்டோபரிலேயே உறைகள் கொடுப்பார்கள். நம் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிப் போட்டால் அன்றைய பூசையில் பாதர் வாசிப்பார். அந்த வருடம் நான் அப்பாவின் பெயரை எழுதினேன். அதன் கீழே அண்ணனின் பெயரையும் எழுதினேன். அம்மாவிடம் கேட்கவில்லை. எழுதத் தெரிந்தவள் நான், ஆகவே நானே எழுதினேன். திருநாள் விழுந்த வியாழக்கிழமைப் பூசையில் பாதர் எந்த மொழியில் வாசித்தாலும் தன் பிள்ளையின் பெயர் அம்மாவுக்கு விளங்கும். அதற்கு முன் நான் சொல்லியாக வேண்டும். முந்தின சனிக்கிழமை வேட்டைக்குப் போகும்போது காரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். போகும்போது வாய் வரவில்லை. சரி, திரும்பும்போது சொல்லலாம்.

பண்ணையில் கொலின் அம்மாவைப் பார்த்ததும் முதலில் சொன்னது அந்த வெள்ளைச் சுவெற்றரைக் கழற்றச் சொல்லித்தான். வான்கோழிச் சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும், அதனால் வேட்டைக்குப் போகிறவர்கள் அந்த மூன்று நிறமும் உடுத்தக்கூடாது, பற்றைக்குள் தெரிந்தால் யாராவது பறவை என்று நினைத்துச் சுட்டுவிடலாம். நான் மொழிபெயர்த்தேன். அப்பா போன நாளிலிருந்து அம்மா வெள்ளைதான்.

"உடுப்பைப் பாத்துச் சுடுற விசரர் இஞ்சையும் இருக்கினமோ?" என்றார் அம்மா. ஆனாலும் என் மண்ணிற ஜக்கெற்றை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அன்று பண்ணையில் வேறு யாரும் இல்லை என்று கொலின் உறுதியாகச் சொன்னார். படலைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. தன் பழைய துவக்கைத் தந்து, எங்களை வண்டியில் ஒரு பள்ளத்தாக்கின் வாயில் இறக்கிவிட்டு, ஏழு மணிக்கு வருகிறேன், அதுவரை அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று போனார்.

வான்கோழி வேட்டை துரத்திப் போகிற வேட்டை இல்லை. இருக்கிற வேட்டை. இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டு இருந்தால் அது தானே வரும். பிழையான இடத்தில் இருந்தால் நாள் முழுக்க இருந்தாலும் வராது. அதன் கண் மனிதக் கண்ணைவிடப் பல மடங்கு கூர்மை, நீங்கள் இமை வெட்டினால்கூட ஓடிவிடும் என்பார்கள். நான் நின்று யோசித்தேன். பறவைகள் பொழுதுபடும்போது வந்து அடையும் பெரிய பைன் மரங்கள் மேட்டில் நின்றன. அதற்கு வரும் வழி இந்தப் பள்ளம். பள்ளத்தின் இரண்டு கரையிலும் எதிர் எதிராக இரண்டு பெரிய மரங்கள். கிழக்கே மக்ரோகார்பா என்ற ஒரு சைப்ரஸ் மரம், மேற்கே பூரிரி என்று இங்கே சொல்லும் ஒரு காட்டு மரம், இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன். முதுகு கொடுக்கும் மரம் நம் தோளைவிட அகலமாக இருக்க வேண்டும், உருவம் அதற்குள் மறையும், பின்னாலிருந்து வரும் குண்டும் படாது. இரண்டு மரமும் அதற்குச் சரி. ஆனால் இந்த நாட்டில் வெயில் வடமேற்கால் சரியும். மக்ரோகார்பாவின் அடியில் இருந்தால் கண்ணுக்குள் அடிக்கும். பூரிரியின் அடியில் இருந்தால் நாம் நிழலில், வருகிறது எல்லாம் வெளிச்சத்தில்.

"அங்காலை இருப்பம் பிள்ளை," என்று அம்மா மக்ரோகார்பாவைக் காட்டினார். "அதின்ரை வேர் நல்ல பீடம் மாதிரிக் கிடக்கு. நாரி நோகாது."

"வெயில் கண்ணிலை குத்தும் அம்மா. இஞ்சைதான் சரி."

"படிச்சவ சொன்னாச் சரி."

நான் பூரிரியின் இந்தப் பக்கம் பள்ளத்தைப் பார்த்து இருந்தேன். அம்மா அதே மரத்தின் மறுபக்கம், வேலியைப் பார்த்து, செபமாலையோடு இருந்தார். எங்கள் முதுகுகளுக்கு நடுவே அந்தப் பெரிய மரம். அம்மாவுக்கு என் பக்கம் ஒன்றும் தெரியாது, எனக்கு அம்மாவின் பக்கம் ஒன்றும் தெரியாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் அசையாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். முதலில் கால் விறைக்கும். பிறகு மூக்கு அரிக்கும். அதன் பிறகு, எதை நினைக்கக்கூடாதென்று வைத்திருக்கிறோமோ அது ஒவ்வொன்றாக வந்து முன்னால் இருக்கும். எனக்கு அந்த உறை வந்தது. அம்மாவிடம் எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது? "அம்மா, அண்ணா இனி..." என்பதற்குப் பிறகு எந்த வினைச்சொல்? அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்குச் சற்று முன் வான்கோழிகள் வந்தன. ஐந்து பேடுகள், பின்னால் ஒரு சேவல். எதிர் மரத்தடியில் பழுப்புச் சருகைக் கிளறிக் கிளறி மேய்ந்தன. நான் துவக்கை முழங்காலில் ஏற்றிவைத்தபடிதான் இருந்தேன். துவக்கின் காப்புப் பூட்டை விடுவித்தேன். சேவல் கழுத்தை நீட்டியது. விரல் விசைக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் சேவலுக்குப் பின்னால் மரத்தடியில் கிடந்த வேர் அசைந்தது.

வேர் இல்லை, கால். ஒரு மனிதன் மரத்தில் முதுகைக் கொடுத்து இருந்தான். இடது காலை மடித்து, வலது காலை நேரே நீட்டி, தலையைக் குனிந்து. யாரோ களவாக வேட்டைக்கு வந்தவன் என்றுதான் முதலில் நினைத்தேன், இன்னும் ஒரு விநாடி போயிருந்தால் ஆளைச் சுட்டிருப்பேன். துவக்கை இறக்கினேன். அப்போதுதான் பார்த்தேன், வான்கோழிகள் அவனைச் சட்டைசெய்யவே இல்லை. நம்பினால் நம்புங்கள், ஒரு பேடு அவன் நீட்டிய காலைக் கடந்து, ஒரு கல்லைக் கடப்பதுபோல் அடி எடுத்து வைத்துப் போனது. நான் இமை வெட்டினால் ஓடும் பறவை.

அவனுடைய வலது கை அசைந்துகொண்டே இருந்தது. பாதத்துக்கும் மடிக்கும் இடையில் போய் வந்து, போய் வந்து, இடையில் ஒரு சுண்டல். அது என்ன அசைவு என்று எங்கள் கரையில் பிறந்த எந்தப் பிள்ளையும் சொல்லும். கிழிந்த வலை பொத்துகிறவர்கள் கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசியை ஓட்டுவார்கள். அங்கே வலை இல்லை, ஊசி இல்லை. கை மட்டும் பொத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முடிச்சுக்கும் தலை இடப்பக்கம் மெல்லச் சரிந்தது. அப்படிச் சரிக்கிற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும்.

"என்ன, சுடேல்லையோ?" அம்மா மரத்துக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

"அம்மா, எதிர் மரத்தடியிலை ஆள் இருக்கு," என்றேன்.

செபமாலை மணிகள் ஒன்றோடு ஒன்று படும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு அம்மா கேட்டார்.

"இருக்கிறானோ?"

நான் "ஆள் இருக்கு" என்றுதான் சொன்னேன். ஆணா பெண்ணா, பெரியவரா சின்னவரா, ஒன்றும் சொல்லவில்லை. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் மரம் மறைக்கும். தெரியாத ஆணைப் பற்றி அம்மா எப்போதும் "அவர்" என்றுதான் சொல்வார். "இருக்கிறானோ" என்று அம்மா உலகத்தில் ஒருவனைப் பற்றித்தான் கேட்பார்.

"ஓம் அம்மா," என்றேன். "இருக்கிறான்."

சத்தியமாக நான் சொன்னது அவன் மரத்தடியில் இருக்கிறான் என்பதைத்தான். எங்கள் பேச்சில் அமர்வதும் இருப்பதுதான், காத்து நிற்பதும் இருப்பதுதான், உயிரோடு உலவுவதும் இருப்பதுதான். ஐந்து வருடமாக 'இருக்கிறான்' என்றும் 'இல்லை' என்றும் அம்மாவிடம் சொல்லாமல் காத்த பதில், வேறு அர்த்தத்தில், என் வாயாலேயே போய்விட்டது. மரத்தின் மறுபக்கம் அம்மா ஒரு பெரிய மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

சேவல் ஒருமுறை எச்சரிக்கையாகக் கத்தியது. ஆறும் ஒரே நேரத்தில் எழும்பின. என் கண் அவற்றோடு மேலே போய், மறுபடி கீழே வந்தபோது மரத்தடியில் ஒருவரும் இல்லை.

அம்மா எழும்பிப் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. எதிர் மரத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. "சரி, போவம் பிள்ளை."

"நிண்டுகொள்ளுங்கோ அம்மா, ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன்."

"போகாதை. இருக்கிறவனை ஏன் குழப்புறாய்?"

நான் போனேன். போகாமல் இருக்க என்னால் முடியாது. அடி அடியாக எண்ணிக்கொண்டு போனேன், முப்பத்தாறு மீற்றர். மரத்தடி முழுவதும் வான்கோழிகள் கிளறிய சருகு, ஒரு சாண் இடம் விடாமல். வேர் ஓரத்தில் மட்டும் ஒரு ஆள் இருக்கும் அகலத்துக்குச் சருகு கலையாமல் படிந்து கிடந்தது. அங்கிருந்து முன்பக்கமாக, நீட்டிய கால் அளவுக்கு, ஒரு நீண்ட ஒடுங்கிய கீற்று, அதுவும் கலையாமல். பிறகு கொலினிடம் அந்த இடத்தைக் காட்டியபோது, செம்மறி படுத்த இடம், சூட்டுக்காக அங்கே வந்து படுக்கும் என்றார். இருக்கலாம். அந்தக் கீற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் காரில் அம்மா வழக்கத்துக்கு மாறாக நிறையக் கதைத்தார். ஒரு வான்கோழியும் இல்லாமல் போகிறோம் என்ற கவலையே இல்லை.

"ஐஞ்சு வருசமா உன்னட்டை இதைக் கேட்கப் பயந்துகொண்டிருந்தனான். நீ எத்தினை கடுதாசி எழுதினனீ. என்ன பதில் வந்ததெண்டு நீ சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. இண்டைக்கு உன்ரை வாயாலை கேட்டிட்டன்."

"அம்மா, நான் சொன்னது..."

"காணும். படிச்ச பிள்ளை, நீ பொய் சொல்லமாட்டாய்."

நான் பாதையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன் பாதரின் வீட்டுக் கதவைத் தட்டினேன். உறையைத் திருப்பித் தர முடியுமா, ஒரு பெயரை எடுக்க வேண்டும் என்றேன். வெள்ளைக்கார மனிதர், நல்லவர். செய்தி ஏதும் வந்ததா என்று கண் விரியக் கேட்டார். என்ன சொல்வது? ஆங்கிலத்தில் அமர்வதற்கு ஒரு சொல், உயிரோடு இருப்பதற்கு வேறு சொல். எனக்கு நடந்தது அந்த மொழியில் நடக்கவே முடியாது. கையை மட்டும் நீட்டினேன். அவர் உறையையும் பேனையையும் என் கையில் கொடுத்தார். நான் கோடு கிழிப்பதையே தொழிலாகச் செய்கிறவள். அன்று அண்ணனின் பெயருக்கு மேல் கிழித்த கோடுதான் என் வாழ்க்கையில் ஆகக் கோணலானது.

வியாழக்கிழமை பூசையில் பாதர் அப்பாவின் பெயரை வாசித்தார். அடுத்து வேறு யாருடைய அப்பாவோ.

இது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அண்ணனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. வெயிலில் வந்த மயக்கம், மனதில் குற்றம், வலை பொத்துகிற அசைவு சின்ன வயதிலிருந்து கண்ணில் ஒட்டியது என்று எனக்கு நானே பலமுறை விளக்கியிருக்கிறேன். நீங்கள் சொல்லப்போகும் எல்லா விளக்கமும் நான் ஏற்கெனவே சொல்லிப் பார்த்ததுதான்.

போன வருடம் பக்குரங்காவில் ஒரு சின்ன வீடு பார்த்தேன். வங்கியும் மோட்கேஜுக்குச் சம்மதித்தது. எங்கள் பரம்பரையில் முதல் சொந்த வீடு. அம்மா வரமாட்டேன் என்றார். கோபித்தேன், கெஞ்சினேன். கடைசியில் ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, காலநிலையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் எழும்பிப் போனா அவன் எங்கை தேடுவான்? 'இரு, வாறன்' எண்டெல்லோ சொல்லிப்போட்டுப் போனவன்."

"எப்ப அம்மா?"

"வான்கோழிக்குப் போன அண்டைக்குத்தான். வேலிப் பக்கத்தாலை வந்து, என்னைத் தாண்டி, உன்ரை பக்கம் போகேக்கை."

"ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"நீதான் பாத்திட்டியே. பிறகு நான் என்னத்தைச் சொல்லுறது?"

என் பக்கம் ஒருவரும் வரவில்லை. வேலியிலிருந்து எதிர் மரத்துக்குப் போக என் முன்னால் முப்பத்தாறு மீற்றர் வெட்டவெளியைக் கடக்க வேண்டும், ஒரு பூச்சி கடந்தாலும் நான் கண்டிருப்பேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வீட்டை விட்டுப் போகிறவன் "போறன்" என்று சொல்லமாட்டான், அது கூடாத சொல், அவனும் "வாறன்" என்றுதான் சொல்லுவான் என்பதையும் நான் அம்மாவுக்கு நினைவுபடுத்தவில்லை. அம்மாவுக்குத் தெரியாததா?

அம்மாவிடம் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. எதிர் மரத்தடியில் இருந்தவன் குனிந்திருந்தான், மாலை வெயில் நேரே அவன் தலையில் விழுந்தது, நன்றாகத் தெரிந்தது. உச்சியில் முடி உதிர்ந்து, மிச்சம் நரைத்திருந்தது. ஐம்பது வயது மதிக்கலாம். செத்தவர்கள் செத்த வயதிலேயே நின்றுவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உயிரோடு இருந்தால் அண்ணனுக்கு அந்த ஒக்டோபரில் இருபத்தெட்டு. இந்த வருடம் முப்பத்திரண்டு. ஐம்பதாக இன்னும் பதினெட்டு வருடம் இருக்கிறது.

பக்குரங்கா வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். நான் அதற்குப் பிறகு வீடு தேடவில்லை.